போனுக்கு ஒரு சென்ட்ரி

வீட்டை ஒட்டி நான் நடத்தும் மாவு மில் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் போன் பேச முடியாது. கத்தாரில் இருக்கும் மகன் கூப்பிட்டால்கூட என் கணவர் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாரே தவிர, மில்லை நிறுத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அன்று காலை வீட்டு ஜன்னல் வழியாகக் கையை மேலும் கீழும் ஆட்டி மோட்டாரை நிறுத்தச் சொன்னபோது, சொந்தத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மண்டைக்காட்டு அம்மன் கொடைவிழா நெருங்கியிருந்தது. அம்மனுக்குப் படைக்கும் மண்டையப்பத்துக்கு மாவு திரிக்க வந்தவர்களின் வாளிகள் வாசல்வரை வரிசை கட்டி நின்றன. அத்தனை பேரையும் காக்கவைத்துவிட்டு சுவிட்சை அணைத்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், மனிதர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் போனது. செயற்கைக் காலை மாட்டாத நேரத்தில் கக்கத்தில் கட்டையை வைத்துத்தான் நடப்பார். அன்று கட்டையும் இல்லை. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், நெஞ்சை நிமிர்த்தி நின்று, "ஜி சாப். ஹாங் சாப். ஜி சாப்" என்று இந்தியில் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் நான் கேட்டேன்.

"யாராக்கும்?"

"ட்யூட்டி விஷயம்."

இந்த இரண்டு வார்த்தைகளோடுதான் நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எங்கே போஸ்டிங் என்று கேட்டால் ட்யூட்டி விஷயம். லீவு ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்டால் ட்யூட்டி விஷயம். கால் போன கதையையே மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் ஓய்வுபெற்று எத்தனையோ வருடமான பிறகு இன்னும் என்ன ட்யூட்டி? கேட்டிருப்பேன். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வாளியைத் தட்டிக்கொண்டு நின்றார்கள், மில்லைப் போடப் போய்விட்டேன்.

மறுநாள் பணம் எடுக்க பேங்குக்குப் போனவர் வெறுங்கையோடு வந்தார். பென்சன் வரும் கணக்கில் ஒன்றுமில்லை. புதுச் செயற்கைக்காலுக்கு என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்ததும் அதில்தான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

போனில் பேசியவன் டெல்லி மெடிக்கல் போர்டில் கர்னல் என்று சொன்னானாம். இவருடைய ராணுவ நம்பர், பட்டாலியன், கால் போன வருடம் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்திருக்கிறான். டிசபிலிட்டி பென்சன் வாங்குகிறவர்களை மறுபடி பரிசோதிக்கிறார்கள், உன் ஊனத்தின் சதவீதத்தைக் குறைக்கப்போகிறார்கள், உன் பைல் என் மேசையில்தான் இருக்கிறது, போனுக்கு ஒரு நம்பர் வரும், சொன்னால் இப்போதே சரிசெய்துவிடுகிறேன் என்றிருக்கிறான். இவரும் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை அல்ல, அவன் கேட்ட தடவையெல்லாம்.

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாண்டாமா?" என்று கத்தினேன்.

"கான்ஃபிடென்ஷியல்ணு ஆர்டர் போட்டாரு. வீட்டுலயும் சொல்லப்பிடாதுண்ணாரு."

அப்போதும் அந்தத் திருடனுக்கு 'போட்டாரு' என்று மரியாதை! எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் இருந்த முறத்தைத் தூக்கி எறிந்தேன். கோபம் இவர் மேல் மட்டுமில்லை. பட்டாளத்துக்காரன் எதற்கு அடங்குவான் என்று அந்தப் படுபாவி படித்து வைத்திருக்கிறான். அதிகாரி ஆர்டர் போட்டால் மறுபேச்சு கிடையாது, ரகசியம் என்றால் பெண்டாட்டிக்கும் கிடையாது. நாட்டுக்காக இவர்களுக்குப் பழக்கிய இரண்டு நல்ல குணத்தையும் எடுத்து இவர்கள் கழுத்திலேயே கயிறாகப் போட்டிருக்கிறான்.

"பணம் போனா போட்டும்" என்றார் இவர். "சதவீதத்தைக் கொறைச்சா என்ன அர்த்தம் தெரியுமா? கால் போனதே பொய்யிண்ணு ஆயிரும்லா."

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. அந்தப் பென்சன் அவருக்குச் சோறு மட்டுமில்லை. நீ ட்யூட்டியில் இருந்தபோதுதான் உன் கால் போனது என்று அரசாங்கம் மாதாமாதம் ஒத்துக்கொள்வது அது. அவன் அங்கேதான் கையை வைத்தான்.

சைபர் போலீசில் புகார் கொடுத்தோம். எங்கள் கதையைக் கேட்ட பெண் போலீஸுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"அம்மா, ஒருக்க ஏமாந்தவங்க நம்பரை இவனுவ விடமாட்டானுவ. வேற பேருல திரும்பக் கூப்பிடுவான். போன பணத்தை எடுத்துத் தாறேண்ணும் வருவான். சூதானமா இருந்துக்கிடுங்க."

மகனும் கத்தாரிலிருந்து அதையேதான் சொன்னான். அப்பாவிடமிருந்து போனை வாங்கி வைத்துவிடு, பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடு, பேங்க் நம்பரை உன் போனுக்கு மாற்று. எல்லாம் நியாயமான பேச்சுதான். நானும் போனை வாங்கி மில்லில் என் மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். கேட்டதும் கொடுத்துவிட்டார், ஒரு எதிர்ப்பேச்சு இல்லை.

பிறகு அவர் சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து, காய்ச்சலில் கிடந்தபோதுகூட, விடிந்ததும் முகம் மழிக்காமல் நான் அவரைப் பார்த்ததில்லை. இப்போது தாடியில் வெள்ளை முளைத்துக் கிடந்தது. செயற்கைக்காலில் இருக்கும் ஷூவுக்கும் சேர்த்து பாலிஷ் போடுகிற மனிதர், அந்தக் காலையே மாட்டாமல் கட்டிலில் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். சாப்பிட்டு முடித்ததும் போய்விடுவார். திருடன் கொண்டுபோனதைவிட நான் வாங்கிப் பூட்டியதுதான் இவரை அதிகமாக அடித்துவிட்டது என்று புரிய எனக்குச் சில நாள் ஆனது.

அன்று மத்தியானம் உள்ளித்தீயல் குழம்பும் சோறும் பரிமாறிவிட்டு, பக்கத்தில் போனைக் கொண்டுவந்து வைத்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு வேண்டாம். திரும்பவும் எவனாவது அதிகாரம் பண்ணிப் பேசினா நான் எந்திரிச்சு நின்னுருவேன். எனக்கே தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆபீசர் சொன்னா கெணத்துல சாடுவியளா?"

"சாடுவோம்."

"ஒங்க பட்டாளத்துல ஆபீசர்ட்ட மாட்டேண்ணு சொல்ல ஒரு வழியும் கெடையாதா? ஒரே ஒரு வழி?"

கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார். பரீட்சைக்குப் பதில் எழுதுகிற பிள்ளை மாதிரி அவ்வளவு நேரம் யோசித்தார்.

"உண்டு" என்றார். "சென்ட்ரி ட்யூட்டியில."

பனிமலையில் ஒரு வெடிமருந்துக் கிடங்கு. இவர் சேர்ந்து அதிக நாள் ஆகாத சிப்பாய், காவலுக்கு நிற்கிறார். சாயங்காலம் ஒருவர் நடந்து வருகிறார். இவர் துப்பாக்கியை நீட்டி, "தம்! கோன் ஆத்தா ஹை?" என்கிறார். நில், யார் வருவது? அன்றைக்குரிய பாஸ்வேர்டை வந்தவர் சொல்லவேண்டும். வந்தவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி நின்றார். இவர் அவரைப் பனியில் அப்படியே நிறுத்திவைத்து, காவல்காரர்களுக்குத் தலைவரான கார்டு கமாண்டரைக் கூப்பிட்டிருக்கிறார். கார்டு கமாண்டர் ஓடிவந்து பார்த்து நடுங்கிப்போனாராம். வந்தவர் பிரிகேடியர்.

"ஒங்களுக்கு ஆளைத் தெரியல்லியா?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியும். காலைல பரேடுல பாத்த மொகமாக்கும்."

"பின்னே?"

"பாஸ்வேர்ட் சொல்லல்லியே."

மறுநாள் பரேடில் பிரிகேடியர் இவரைத் தனியாக முன்னால் கூப்பிட்டாராம். தொலைந்தோம் என்று நினைத்தால், கைகொடுத்தாராம். உள்ளே விட்டிருந்தால்தான் தண்டனை. சென்ட்ரி நிற்கும்போது ஜெனரலே வந்தாலும் நிறுத்தலாம், நிறுத்தியே ஆகவேண்டும், அது ஆர்டர்.

இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தும் இந்தக் கதை எனக்குத் தெரியாது. கையில் இருந்த கரண்டியை வைத்தேன்.

"அப்பம் இன்னையிலேருந்து நீங்க இந்தப் போனுக்குச் சென்ட்ரி."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "கார்டு கமாண்டர் யாரு?" என்று கேட்டார். கார்டு கமாண்டர் இல்லாமல் சென்ட்ரி நிற்க முடியாதாம்.

"நானாக்கும்."

தலையில் மாவும் இடுப்பில் சொருகிய சேலையுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரேங்க்?"

"ஒங்களுக்கு மேல."

அப்போதுதான் சிரித்தார். மறுநாள் விடிந்ததும் கண்ணாடிக்கு முன்னால் சோப்பு நுரையோடு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காமல் மில்லுக்குப் போய்விட்டேன்.

வேலையை அன்றே தொடங்கினோம். தினமும் காலையில் நான் ஒரு பாஸ்வேர்ட் சொல்லுவேன். எனக்குத் தெரிந்தது மில்தானே. ஒருநாள் உமி, ஒருநாள் தவிடு, ஒருநாள் சல்லடை. பென்சன், பேங்க், பைல் என்று எவன் பேசினாலும் இவர் பாஸ்வேர்ட் கேட்கவேண்டும். வெளியாள் யாருக்கும் அது தெரியப்போவதில்லை, ஆகவே யாருக்கும் வழி கிடையாது. நிஜமான பேங்கிலோ பென்சன் ஆபீசிலோ போனுக்கு வரும் நம்பரை யாரும் கேட்கமாட்டார்கள் என்று அந்தப் பெண் போலீஸ் எழுதியே கொடுத்திருந்தது. உண்மையிலேயே ஒரு வேலை இருந்தால் நாங்கள் நேரில் போய்க்கொள்வோம். பாஸ்வேர்ட் சொல்லாதவனோடு வாதாடக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. நிறுத்திவைத்து கார்டு கமாண்டரைக் கூப்பிடவேண்டும். அவ்வளவுதான்.

பயிற்சியும் கொடுத்தேன். வடக்கே குடும்பக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது காய்கறி வண்டிக்காரனோடு சண்டை போட்டே இந்தி படித்தவள் நான். மில்லில் உட்கார்ந்து, என் போனில் துண்டைப் போட்டு மூடி, குரலைக் கட்டையாக்கி, "ஹவில்தார்! சாவ்தான்!" என்று, விறைத்து நிற்கச் சொல்லி அதட்டினேன். ஜன்னலில் பார்த்தால், ஆள் விறைப்பாக எழுந்து நிற்கிறார். "ஜி சாப்" வேறு! நான் ஓடிப்போய் நின்றதும், "ஏட்டி, கொரலு அப்படியே எங்க பழைய மேஜர் மாதிரி இருக்கு, நான் என்ன செய்ய?" என்றார். மில்லுக்கு வந்திருந்தவர்களுக்கு அன்று நல்ல வேடிக்கை. விடாமல் செய்தோம். மிரட்டினேன், கொஞ்சினேன், பட்டாலியன் பேரைச் சொன்னேன், பிள்ளைகுட்டிகளை விசாரித்தேன். எழுந்து நிற்பதை மட்டும் அவரால் விடமுடியவில்லை. நின்றுகொண்டே பாஸ்வேர்ட் கேட்கப் படித்துக்கொண்டார். அது போதும் என்று விட்டேன்.

அந்த மாதம் முன்னாள் ராணுவத்தினர் கூட்டம் தக்கலையில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. நான் அதில் பேசவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். இவருக்கு வந்தது மற்றவர்களுக்கும் வந்திருக்கும், எல்லோரும் ட்யூட்டி விஷயம் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இவருடைய மானம் என் கையில் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "பேரைச் சொல்லாம பேசட்டா?" என்று கேட்டேன். ஒரு ஸ்டாப் போகும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்க பேரைச் சொல்லு. இல்லேண்ணா ஒருத்தனும் நம்பமாட்டான்."

கூட்டத்துக்குத் தலைவர் ஒரு ரிட்டயர்ட் சுபேதார். நான் எழுந்ததும், "குடும்பத்துக்காரங்க கடைசியில பேசலாம்" என்றார். "கடைசியில எல்லாரும் டீ குடிக்கப் போயிருவியளே" என்று சொல்லிவிட்டு முன்னால் போய் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கர்னல், மெடிக்கல் போர்டு, சதவீதம், ரகசியம், துடைத்துவைத்த கணக்கு, கடைசியில் எங்கள் சென்ட்ரி ஏற்பாடு. இவர் முன்வரிசையில் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், பட்டாளத்தில் நாயக் ரேங்கில் இருந்தவர். காது பாதி கேட்காது, பீரங்கிப் படையில் போனது.

"எனக்கும் அந்தக் கர்னல்தான் போன் பண்ணினான்" என்றார்.

அவர் மனைவி என் நாற்காலிக்கு அடுத்ததில் இருந்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது. வாயில் சேலையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவருக்குப் பின்னால் இன்னொருவர் கைதூக்கினார், அப்புறம் இன்னொருவர். அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டில் ஒரு கார்டு கமாண்டரை நியமிக்கவேண்டும் என்று பேசி முடித்தோம். சுபேதார் மட்டும், "பொம்பளைங்களையா?" என்று இழுத்தார்.

"வீட்டுல இப்பவும் வேற யாராக்கும்?" என்று யாரோ சொல்ல, ஹால் சிரித்தது. சுபேதாரின் மனைவிதான் அதிகமாகச் சிரித்தாள்.

போலீஸ் பெண் சொன்னது நடந்தது. மழை தொடங்கிய மாதத்தில், வெயிலும் தூறலுமாக இருந்த ஒரு காலைவேளை. நனையாமல் பொத்திக்கொண்டு வந்த மிளகாய் வற்றலை ஒருத்திக்குத் திரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் கை ஆடியது. மோட்டாரை அணைத்துவிட்டு மூக்கைத் துடைத்தபடியே ஓடினேன்.

இவர் செயற்கைக்காலை மாட்டி, சட்டை போட்டு, நேராக நின்றுகொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வேறு குரல். தன்னைப் பிரிகேடியர் என்று சொல்லிக்கொண்டது. முதலில் தேன் ஒழுகப் பேசியது. ஐயோ பாவம், உங்களை யாரோ ஏமாற்றிவிட்டார்களாமே, பணத்தை மீட்டுத் தருகிறோம், ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கள்.

"சாப், பாஸ்வேர்ட்" என்றார் இவர்.

அந்தக் குரல் என்ன பாஸ்வேர்ட் என்று கேட்டது. இவர் மறுபடி, "பாஸ்வேர்ட், சாப்" என்றார். குரல் மாறிவிட்டது. யாரோடு பேசுகிறாய் தெரியுமா என்று அதட்டியது. இவர் அசையவில்லை. அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். உன் பைல் என் கையில் இருக்கிறது, நீ ட்யூட்டியில் இல்லாமல் ஊர் சுற்றப் போய்த்தான் கால் போனது என்று எழுதிவிடுவேன், பென்சனும் போகும், பேரும் போகும்.

இவர் ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்தார். என் கை போனைப் பிடுங்கத் துடித்தது. பிடுங்கிவிட்டால் பணம் தப்பும், இவர் தப்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மிளகாய்க் காரம் கண்ணில் எரிய எரிய, நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

இவர் ஒரு மூச்சு இழுத்தார். பிறகு, நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில், தெருவே கேட்கும்படி இந்தியில் சொன்னார்.

"என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சாப். பாஸ்வேர்ட் இல்லாமல் ஒரு அடி முன்னால் வரக்கூடாது. அங்கேயே நில்லுங்கள். கார்டு கமாண்டரைக் கூப்பிடுகிறேன்."

சொல்லிவிட்டுப் போனை என் பக்கம் நீட்டினார். காய்கறி வண்டிக்காரனிடம் படித்த வசவு அத்தனையும் இதற்காகவே மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். "கார்டு கமாண்டர் பேசுறேன்" என்று இந்தியில் தொடங்குவதற்குள் அவன் வைத்துவிட்டான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நம்பரை உடனே போலீஸ் பெண்ணுக்கு அனுப்பினேன். குலசேகரத்து நாயக்கின் மனைவிக்கும் சுபேதார் வீட்டுக்கும் போன் போட்டு, பிரிகேடியர் ஒருத்தன் கிளம்பியிருக்கிறான் என்று சொன்னேன். இதையெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பினால், இவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"போயிட்டான், இரியுங்க" என்றேன்.

"ரிலீவ் பண்ண ஆளு வராம சென்ட்ரி எப்படி இரிக்கதுக்கு?"

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். விளையாட்டில்லை. பக்கத்தில் போய், அவர் தோளுக்குத் தோள் நேராக நின்றேன்.

"நான் நிக்கேன். நீங்க இரியுங்க."

கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு வேட்டியை விலக்கி, செயற்கைக்காலை என் பக்கமாக நீட்டினார். கால் போன நாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு அவரேதான் அதைக் கழற்றுவார், மாட்டுவார். என்னை ஒருநாளும் தொடவிட்டதில்லை. நான் தரையில் உட்கார்ந்து, எங்கே எதை அவிழ்ப்பது என்று தெரியாமல் தடவினேன்.

"எடது பக்கம் பாரு. ரெண்டு வாரு இருக்கு" என்று சொல்லிக்கொடுத்தார்.

மில்லில் இருந்து மிளகாய்க்காரி, "அக்கா, மோட்டாரைப் போடட்டா?" என்று குரல் கொடுத்தாள்.

"இப்பம் போடாதே" என்றேன்.